மீனுக்கு ஒரு வீடு

குருவிக்குக் கூடு உண்டு. எலிக்கு வளை உண்டு. பாம்புக்குப் புற்று உண்டு. மீனுக்கு?

"மீனுக்கு எதற்கு வீடு? தண்ணீர்தான் அதற்கு வீடு" என்று நாம் சொல்வோம். இது பாதி உண்மைதான்.

தண்ணீர் மீனுக்கு ஊர் போன்றது. ஊர் மட்டும் இருந்தால் போதுமா? வெயிலுக்கு ஒதுங்க ஒரு நிழல் வேண்டும். பசிக்கு உணவு வேண்டும். பகைவன் வந்தால் ஒளிய ஓர் இடம் வேண்டும். பிள்ளைகள் வளரப் பாதுகாப்பு வேண்டும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் வீடு. மீனுக்கும் அப்படி ஒரு வீடு தேவை.

அந்த வீட்டை ஒரு காய்ந்த மரக்கிளையால் கட்டலாம். உலகில் பல நாடுகளில் கட்டுகிறார்கள். அது எப்படி என்று பார்ப்போம்.

அணைக்குள் என்ன இருக்கிறது?

மகாராஷ்டிர மாநிலம், புணே மாவட்டம், சிரூர் வட்டத்தில் ரஞ்சன்காவ் என்ற ஊர் இருக்கிறது. புணே நகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம். அங்கே மகாகணபதி கோயில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் புகழ்பெற்ற எட்டு விநாயகர் கோயில்களில் அதுவும் ஒன்று. பக்கத்திலேயே பெரிய தொழிற்பேட்டையும் இருக்கிறது.

அதே சிரூர் வட்டத்தில் கோட் என்ற ஆறு ஓடுகிறது. சிஞ்சணி என்ற ஊரில் இந்த ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணை கட்டியிருக்கிறார்கள். கோட் ஆறு பிறகு பீமா ஆற்றில் சேர்கிறது. பீமா ஆற்றில் இன்னும் கீழே உஜனி என்ற பெரிய அணை இருக்கிறது. இப்படி நம் நாட்டில் ஆயிரக்கணக்கான அணைகள் உள்ளன.

அணைத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. குடிநீர் ஆகிறது. அணை இன்னொரு வேலையும் செய்கிறது. அது மீனவர்களுக்குச் சோறு போடுகிறது. பல அணைகளில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுக்கின்றன. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மீன்களின் குஞ்சுகளை வாங்கி அணையில் விடுகிறார்கள். அவை வளர்ந்த பிறகு வலை போட்டுப் பிடிக்கிறார்கள்.

ஆனால் விட்ட குஞ்சுகள் எல்லாம் வளர்கின்றனவா? இல்லை. பெரிய மீன்கள் சின்னக் குஞ்சுகளைத் தின்கின்றன. நீர்க்காகம் கொத்திக்கொண்டு போகிறது. காசு கொடுத்து வாங்கிய குஞ்சு, சில நாளிலேயே இன்னொன்றின் வயிற்றுக்குள் போய்விடுகிறது.

குஞ்சு ஏன் ஒளிந்துகொள்ளவில்லை? ஒளிய இடம் இல்லை. அதுதான் காரணம்.

ஓர் ஆற்றை நினைத்துப் பாருங்கள். கரையில் மரங்கள் நிற்கும். அவற்றின் வேர்கள் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளத்தில் விழுந்த மரம் கிடக்கும். நாணல் இருக்கும். கோரை இருக்கும். பாறை இடுக்குகள் இருக்கும். மீன் குஞ்சுகள் அவற்றுக்குள் புகுந்துகொள்ளும்.

அணையில் அப்படி இல்லை. அணை கட்டும்போது பெரும்பாலும் மரங்களை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். விட்டுவைத்த மரங்களும் காலப்போக்கில் மக்கிப் போகின்றன. ஆறு கொண்டுவரும் வண்டல் அடியில் படிந்து பள்ளம் மேடுகளை மூடிவிடுகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுகிறது. கோடையில் வெகு தூரம் இறங்குகிறது. அதனால் கரையோரத்தில் நீர்ச்செடிகள் வேரூன்றி வளர முடிவதில்லை.

மேலிருந்து பார்த்தால் அணை நிறையத் தண்ணீர் தெரிகிறது. உள்ளே பார்த்தால் பெரும்பகுதி வெறும் சேறு. மரம் செடி இல்லாத பொட்டல் காடு போல.

மூழ்கிய கிளையில் என்ன நடக்கிறது?

இந்தப் பொட்டலில் ஒரு மரக்கிளையைக் கல் கட்டி இறக்கினால் என்ன ஆகும்?

கிணற்றுப் படியில் கால் வைத்திருக்கிறீர்களா? தண்ணீருக்குள் இருக்கும் படி வழுக்கும். ஏன்? அதன் மேல் பாசி படிந்திருக்கிறது. தண்ணீருக்குள் கிடக்கும் எந்தப் பொருளின் மீதும், வெளிச்சம் பட்டால், இப்படிப் பாசி படியும். மூழ்கிய கிளையிலும் முதலில் படிவது பாசிதான்.

ஒரு கிளையில் எத்தனை சிறு குச்சிகள்! அத்தனை குச்சிகள் மீதும், மேலும் கீழும், சுற்றிலும் பாசி படர்கிறது. வெறும் தரையில் படர்வதைவிட இங்கே பாசிக்கு இடம் அதிகம்.

பாசியைத் தின்னப் புழுக்கள் வருகின்றன. நத்தைகள் வருகின்றன. பூச்சிகளின் புழுப்பருவங்கள் வருகின்றன. இவற்றைத் தின்னச் சின்ன மீன்கள் வருகின்றன. சின்ன மீன்களைத் தேடிப் பெரிய மீன்கள் வருகின்றன. சில மீன்கள் பாசியையே நேராகச் சுரண்டித் தின்னும். ரோகு அப்படிப்பட்ட மீன். வங்கதேசத்தில் குளங்களில் மூங்கில் குச்சிகளை நட்டு வைத்து ரோகு வளர்த்துப் பார்த்தார்கள். குச்சி இல்லாத குளத்தைவிடக் குச்சி நட்ட குளத்தில் ரோகு நன்றாக வளர்ந்தது.

இது உணவு. அடுத்தது பாதுகாப்பு.

கிளைகளுக்கு இடையே சின்னச் சின்னச் சந்துகள் இருக்கின்றன. விரல் அளவுக் குஞ்சு உள்ளே நுழையும். பெரிய விரால் நுழைய முடியாது. வேலிக்குள் புகுந்த கோழிக்குஞ்சைப் பருந்து தூக்க முடியுமா? அதுபோலத்தான்.

கிளை நிழலும் தருகிறது. சில வகை மீன்கள் குச்சிகளிலும் இலைகளிலும் முட்டைகளை ஒட்டிவைக்கும். அவற்றுக்குக் கிளை பிள்ளைபெறும் இடமும் ஆகிறது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்லாவும் ரோகுவும் தேங்கிய தண்ணீரில் முட்டை இடுவதில்லை. மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் ஓடும்போதுதான் இடும். அதனால் கிளை போட்டால் கட்லா பெருகிவிடும் என்று நினைக்கக் கூடாது. விட்ட குஞ்சு பிழைத்து வளரக் கிளை உதவும். அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி.

கிறிஸ்துமஸ் மரம் ஏரிக்குப் போகிறது

அமெரிக்காவிலும் ஏராளமான அணைகள் உண்டு. அங்கும் இதே குறைதான். பழைய அணைகளின் அடியில் மரங்கள் மக்கிவிட்டன. மீனுக்கு ஒதுங்க இடம் இல்லை.

அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வீட்டுக்குள் ஒரு மரம் வைப்பார்கள். ஊசி போன்ற இலைகள் உள்ள மரம். அதில் விளக்கும் நட்சத்திரமும் தொங்கவிடுவார்கள். பலர் பிளாஸ்டிக் மரம் வைக்கிறார்கள். பலர் உண்மையான மரத்தையே வாங்குகிறார்கள். இதற்காகவே தோட்டம் போட்டு மரம் வளர்க்கும் விவசாயிகள் உண்டு. ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட உண்மை மரங்கள் விற்கின்றன.

டிசம்பர் 25 அன்று பண்டிகை. ஜனவரி பிறந்ததும் மரம் குப்பை ஆகிவிடுகிறது. இத்தனை மரங்களை எங்கே போடுவது?

பல ஊர்களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மக்கள் பழைய மரத்தைக் கொண்டுவந்து ஓர் இடத்தில் கொடுப்பார்கள். அணைகளைப் பராமரிக்கும் ராணுவப் பொறியாளர் படையும், மாநில மீன்வளத் துறைகளும், தூண்டில் போடுவோர் சங்கங்களும் சேர்ந்து வேலை செய்யும். மரத்தில் உள்ள விளக்கு, சரிகை, கம்பி எல்லாவற்றையும் அகற்றுவார்கள். அடிமரத்தில் சிமெண்டுக் கல்லைக் கட்டுவார்கள். படகில் ஏற்றிப் போய், குறித்த இடத்தில் மூழ்கவிடுவார்கள்.

குளிர் மிகுந்த பகுதிகளில் ஏரியின் மேற்பரப்பு உறைந்து கட்டியாகிவிடும். சில இடங்களில் அந்தப் பனிக்கட்டி மீது மரங்களை வைத்துவிட்டு வந்ததும் உண்டு. வெயில் காலம் வரும். பனி உருகும். கல் கட்டிய மரம் தானே மூழ்கும்.

ஊசி இலைகள் சீக்கிரம் உதிர்ந்துவிடும். கிளைகள் சில ஆண்டுகள் தாங்கும். பிறகு அவையும் மக்கும். அதனால் சில ஆண்டுக்கு ஒரு முறை புது மரம் போட வேண்டும். கெட்டி மரமாக இருந்தால் இன்னும் நீண்ட காலம் தாங்கும். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் மரம் மெதுவாகத்தான் மக்கும். நனைந்து நனைந்து காயும் மரம் சீக்கிரம் உளுத்துப் போகும்.

பக்கத்து நாட்டில் பழைய வழக்கம்

இது அமெரிக்காக்காரர்கள் கண்டுபிடித்ததா? இல்லை. நம் பக்கத்து மீனவர்களுக்கு இது பழைய பாடம்.

இலங்கையில் கொழும்புக்கு வடக்கே நீர்கொழும்பு என்ற ஊர் இருக்கிறது. அங்கே கடலோடு சேர்ந்த பெரிய களப்பு உண்டு. களப்பு என்றால் உப்பங்கழி. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம்.

அந்தக் களப்பில் மீனவர்கள் கண்டல் மரக்கிளைகளை வெட்டி வந்து நடுகிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில், வட்டமாக, நெருக்கமாக நடுகிறார்கள். இதற்குச் சிங்களத்தில் 'மஸ் அத்து' என்று பெயர். மீன் கிளை என்று பொருள். மீன்களும் இறாலும் அந்தக் கிளைக் கூட்டுக்குள் வந்து தங்குகின்றன.

சில வாரங்கள் ஆனதும் மீனவர்கள் வருவார்கள். கூட்டைச் சுற்றி வலை கட்டுவார்கள். உள்ளே இருக்கும் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே போடுவார்கள். பிறகு வலையைச் சுருக்கி மீனை எடுப்பார்கள். கிளைகளை மறுபடி நட்டுவிடுவார்கள்.

இத்தனை கிளைக்குக் கண்டல் காட்டை வெட்டினால் காடு அழியாதா? அழியும். கண்டல் காடே மீன் குஞ்சுகளின் தொட்டில். அதன் வேர்களுக்கு நடுவில்தான் பல வகை மீன்களும் இறால்களும் வளர்கின்றன. தொட்டிலை உடைத்து வீடு கட்டலாமா? நீர்கொழும்பு மீனவர்கள் பலர் இதைப் புரிந்துகொண்டவர்கள். கிளை வெட்டுவதற்காகத் தாங்களே கண்டல் மரங்களை நட்டு வளர்த்தார்கள். தேவையான கிளையை மட்டும் கழித்து எடுத்தார்கள். மரம் மறுபடி தழைத்தது.

இதே போன்ற முறை வேறு இடங்களிலும் உண்டு. கேரளத்துக் காயல்களில் உண்டு. அசாமின் பள்ள ஏரிகளில் உண்டு. வங்கதேசத்தில் உண்டு. ஆப்பிரிக்காவில் பெனின் என்ற நாட்டிலும் உண்டு. இவர்களில் பலர் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பலருக்கு மற்றவர் மொழி தெரியாது. ஆனால் மீன் எல்லாருக்கும் ஒரே பாடத்தைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

கடலுக்குள் ஒரு பார்

தமிழ்நாட்டுக் கடற்கரை மீனவர்களுக்கு 'பார்' என்ற சொல் நன்கு தெரியும். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டுதான் பார். முத்துச் சிப்பி விளையும் திட்டை முத்துப் பார் என்பார்கள். பார் உள்ள இடத்தில் மீன் இருக்கும்.

இழுவை மடி போடும் விசைப்படகுகள் வந்தன. மடி கடலின் அடியை வாரிக்கொண்டு போனது. பல இடங்களில் அடித்தரை சிதைந்தது. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போய்த் தூண்டில் போட்டவர்களுக்கு மீன் குறைந்தது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. கல், தென்னை மரக் கட்டை போன்றவற்றைக் கடலில் இறக்கித் தாங்களே பார் உண்டாக்கினார்கள்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையை வேறு விதமாகச் செய்தது. சிமெண்டுக் கான்கிரீட்டில் பெரிய கூடுகள் வார்த்தார்கள். ஒன்று முக்கோணமாக இருக்கும். ஒன்று கிணற்று உறை போல இருக்கும். அவற்றில் ஓட்டைகள் இருக்கும். தமிழ்நாட்டு மீன்வளத் துறையுடன் சேர்ந்து கடலோரத்தில் பல இடங்களில் இவற்றை இறக்கினார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளூர் மீனவர்களையும் கேட்டார்கள். கடலின் குணம் அவர்களுக்குத்தான் தெரியும் அல்லவா?

இந்தக் கூடு இருக்கும் இடத்தில் இழுவை மடி போட முடியாது. மடி மாட்டிக் கிழிந்துவிடும். ஆகவே கூடு மீனுக்கு வீடாகவும் இருக்கிறது. காவலாகவும் இருக்கிறது.

ஊர்க் குளங்களிலும் இது போன்ற ஒரு பழக்கம் உண்டு. குளத்தில் முள் வெட்டிப் போடுவார்கள். இரவில் திருட்டு வலை வீசினால் வலை முள்ளில் சிக்கும். திருடனுக்குத் தடை. மீனுக்கு அடைக்கலம்.

வீடா, பொறியா?

இதுவரை நல்லதையே பார்த்தோம். இனி, கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி வருகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஏரியில் 1000 மீன்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவை ஏரி முழுவதும் பரவிக் கிடக்கின்றன. ஒரு நாளைக்கு 20 மீன்கள்தான் வலையில் விழும். 1000 மீன்களும் தீர 50 நாள் ஆகும்.

இப்போது ஏரியில் கிளை போடுகிறோம். மீன்கள் கிளையைத் தேடி வந்து கூடுகின்றன. இப்போது ஒரு நாளைக்கு 100 மீன்கள் விழுகின்றன. "ஆகா, மீன் பெருகிவிட்டது!" என்று மகிழ்கிறோம். உண்மையில் பெருகியதா? இல்லை. அதே 1000 மீன்கள்தான். 10 நாளில் தீர்ந்துவிடும்.

கிளை முதலில் செய்வது மீனைக் கூட்டுவது. பெருக்குவது அதற்குப் பிறகுதான். குஞ்சு ஒளிந்து, தின்று, வளர்ந்து பெரிதாக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். பொறுமை இருந்தால் கிளை வீடு. பொறுமை இல்லாவிட்டால் அதே கிளை எலிப்பொறி.

இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி இருக்கிறது. கணவாய் என்ற கடல் உயிரினம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டையிடும் காலத்தில் அது ஏதாவது ஒரு பிடிமானத்தைத் தேடும். முட்டைகளைக் கொத்துக் கொத்தாக அதில் ஒட்டிவைக்கும். 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் கர்நாடகக் கடலில் சிலர் இதைப் பயன்படுத்தினார்கள். காய் பறித்த தென்னம்பாளைகளைக் கட்டி, மணல் மூட்டையோடு கடலில் இறக்கினார்கள். கணவாய்கள் முட்டையிட வந்தன. வந்தவற்றைத் தூண்டில் போட்டுப் பிடித்தார்கள். நல்ல காசு கிடைத்தது.

ஆனால் பிடிபட்டவை எவை? முட்டையிட வந்த தாய்க் கணவாய்கள். தாயைப் பிடித்தால் அடுத்த ஆண்டுக் கணவாய் எங்கிருந்து வரும்? மற்ற மீனவர்கள் எதிர்த்தார்கள். ஆராய்ச்சியாளர்களும் எச்சரித்தார்கள். தென்னம்பாளை ஒரு குற்றமும் செய்யவில்லை. பயன்படுத்திய விதம்தான் தவறு.

ஒரு கிலோ எடையுள்ள பெண் ரோகு ஒரு பருவத்தில் இரண்டு லட்சம் முட்டைக்கு மேல் இடும். சினை மீன் ஒன்றைப் பிடித்தால் ஒரு மீன் போனதாக நினைக்கிறோம். போவது ஒரு மீன் மட்டும் அல்ல.

எதைப் போடக் கூடாது?

"தண்ணீரில் எதைப் போட்டாலும் மீன் வந்துவிடும்" என்று சிலர் நினைக்கலாம். இந்த நினைப்பு ஆபத்தானது.

அமெரிக்காவில் புளோரிடா என்ற மாநிலம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஒரு திட்டம் போட்டார்கள். பழைய டயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். ஏறக்குறைய 20 லட்சம் டயர்கள். மீனுக்கு வீடும் ஆயிற்று, குப்பையும் தீர்ந்தது என்று மகிழ்ந்தார்கள்.

கட்டுகள் அறுந்தன. டயர்கள் அலையில் உருண்டன. பக்கத்தில் இருந்த உயிருள்ள பவளப் பாறைகளில் மோதி அவற்றை நாசமாக்கின. டயரில் உயிர்கள் சரியாகக் குடியேறவும் இல்லை. 2007 முதல் ராணுவ முக்குளிப்போரைக் கொண்டு டயர்களை வெளியே எடுக்க ஆரம்பித்தார்கள். போடும்போது எளிதாக இருந்தது. எடுக்கும்போது பெரும் பாடாகிவிட்டது.

ஆகவே டயர் வேண்டாம். பிளாஸ்டிக் வேண்டாம். சாயம் பூசிய மரம் வேண்டாம். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரமும் வேண்டாம். தொழிற்சாலைகளிலிருந்து வரும் பெட்டிப் பலகைகளில் ஆணி இருக்கும். சாயமும் எண்ணெயும் பட்டிருக்கும். அதுவும் வேண்டாம். ஆலைக் குப்பையைத் தண்ணீரில் தள்ள "மீன் வீடு" என்பது ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது.

கள்ளி போன்ற, பால் வடியும் செடிகளைப் போடவே கூடாது. அந்தப் பால் மீனைக் கொல்லும்.

பச்சை இலையோடு கிளையைப் போடுவதும் தவறு. சின்னக் குளமாக இருந்தால் மிகவும் தவறு. இலை தண்ணீரில் அழுகும். அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு செத்து மிதக்கும். வீடு கட்டப் போய்ச் சுடுகாடு ஆகிவிடும்.

செய்வது எப்படி?

ஒரு மீனவர் சங்கம் தன் அணையில் கிளை போட விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்ய வேண்டும்?

முதலில் அனுமதி. அணை நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பில் இருக்கும். மீன் வளர்ப்பு மீன்வளத் துறையின் பொறுப்பு. இருவரிடமும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். மதகுக்குப் பக்கத்தில் கிளை போனால் மதகை அடைத்துவிடும். குடிநீர் எடுக்கும் இடத்தில் மக்கும் பொருளைப் போடக் கூடாது. அதனால் இடத்தை அதிகாரிகளோடு சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது இடம். கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்று பார்க்க வேண்டும். அந்த அளவுக்கும் கீழே கிளை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடையில் கிளை வெளியே நிற்கும். மிகவும் ஆழத்திலும் போடக் கூடாது. அங்கே வெளிச்சம் எட்டாது. பாசி படராது. அணையின் மேடு பள்ளம் அங்கேயே வலை வீசும் மூத்த மீனவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது கிளை. உயிர் மரத்தை இதற்காக வெட்ட வேண்டாம். காற்றில் விழுந்த மரம், கழித்துப் போட்ட கிளை, காய்ந்த மூங்கில் போதும். நன்றாகக் காயவிட்டு, இலையை உதிர்த்துவிட்டுப் போட வேண்டும்.

நான்காவது எடை. காய்ந்த மரம் மிதக்கும். அதனால் அடிமரத்தில் கனமான கல்லை இறுகக் கட்ட வேண்டும். கட்டு அவிழ்ந்தால் கிளை மிதந்து போய்ப் படகில் மோதும்.

ஐந்தாவது அடையாளம். கிளை இருக்கும் இடத்தில் மிதவை கட்ட வேண்டும். இல்லாவிட்டால் செவுள் வலை அதில் மாட்டிக் கிழியும். மீனவருக்கு வலைதான் முதல். கிழிந்த வலையை முடிய ஒரு நாள் பிழைப்பு போகும். ஆட்கள் குளிக்கும் இடத்திலும் கிளை போடக் கூடாது. காலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

ஆறாவது கட்டுப்பாடு. இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கிளை போட்ட இடத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வலை போடுவதில்லை என்று சங்கம் கூடி முடிவு செய்ய வேண்டும். குஞ்சு பிடிக்கும் சின்னக் கண் வலையை யாரும் கொண்டுவரக் கூடாது. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் இது நடக்கும். பத்துப் பேர் காத்திருந்து, ஒருவர் மட்டும் இரவில் வந்து வாரினால், பத்துப் பேரின் பொறுமையும் வீண்.

கிளையும் கல்லும் கயிறும் கிடைத்துவிடும். ஒற்றுமைதான் கிடைப்பது கடினம்.

நம் கையில்

ரஞ்சன்காவ் பக்கத்திலும் சரி, நம் ஊர் ஏரியிலும் சரி, தண்ணீருக்குள் நாம் நாள்தோறும் எதையாவது போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பூஜைப் பூவைப் பிளாஸ்டிக் பையோடு போடுகிறோம். சாயம் பூசிய சிலையைப் போடுகிறோம். ஆலைக் கழிவும் சாக்கடையும் வந்து சேர்கின்றன. போட்ட பிறகு நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர் மூடிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் அடியில் ஓர் உலகம் இருக்கிறது. நாம் போடும் ஒவ்வொரு பொருளும் அங்கே ஏதோ ஒன்று செய்கிறது. டயர் போட்டால் நாசம் செய்கிறது. காய்ந்த கிளை போட்டால் அடைக்கலம் தருகிறது. ஒரே கிளை, பொறுமை உள்ளவர் கையில் வீடாகிறது. பேராசைக்காரர் கையில் பொறியாகிறது.

விரல் அளவுக் குஞ்சு ஒன்று இன்று ஒரு குச்சியின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அடுத்த ஆண்டு அது ஒரு கிலோ மீனாகி ஒரு குடும்பத்தின் அடுப்பில் கொதிக்கும். நடுவில் அதற்குத் தேவைப்பட்டது ஒரு மறைவிடமும், நம்முடைய கொஞ்சம் பொறுமையும்தான்.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் ஊர் ஏரியிலோ குளத்திலோ மீன் ஒளிய என்ன இடங்கள் இருக்கின்றன?

2. பச்சை இலையோடு கிளையைக் குளத்தில் போட்டால் என்ன ஆகும்?

3. நீர்கொழும்பு மீனவர்கள் ஏன் கண்டல் மரம் நட்டார்கள்?

4. "கிளை மீனைக் கூட்டும். பொறுமைதான் மீனைப் பெருக்கும்." இது சரியா? உங்கள் வீட்டாரோடு பேசிப் பாருங்கள்.